கடைவீதியிலிருந்து நகரசபைக்கு: எலிசபெத் காலத்து ஜவுளி வியாபாரி ஒருவரின் வாழ்க்கை

எலிசபெத் ராணி ஆண்ட காலத்தில் (1558–1603) இங்கிலாந்தின் சிறு நகரங்களை நடத்தியது யார் என்று கேட்டால், பதில் எளிது: கடைக்காரர்கள். கையுறை தைத்து விற்றவர், கசாப்புக் கடை வைத்திருந்தவர், தோல் பதனிட்டவர், மால்ட் வியாபாரம் செய்தவர் என்று பலர் நகரசபையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஜவுளிக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. ஊரில் கொஞ்சம் ரொக்கம் புரண்டது அவர்கள் கையில்தான். லண்டனோடு தொடர்பு இருந்ததும் அவர்களுக்குத்தான்.

இந்த அமைப்பு எப்படி இயங்கியது என்பதைச் சட்ட வாசகங்களை வைத்து விளக்கினால் தூக்கம் வரும். ஒரு மனிதரைப் பின்தொடர்ந்து போனால் தானாகவே புரிந்துவிடும். ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவன் ஊரின் ரிச்சர்ட் குவைனியை எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியரின் ஊர்க்காரர். அந்த உறவால்தான் அவர் பெயர் இன்றும் அடிபடுகிறது. ஆனால் ஷேக்ஸ்பியரை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் சுவாரசியமான வாழ்க்கைதான்.

முதலில் தொழில். அன்றைய இங்கிலாந்தில் துணி வியாபாரத்துக்குள்ளேயே பல பிரிவுகள் இருந்தன. கம்பளி நூலை வாங்கி, வீடு வீடாக நெசவுக்குக் கொடுத்து, துணியாக்கி விற்பவர் 'குளோதியர்'. கம்பளித் துணியைக் கடையில் விற்பவர் 'டிரேப்பர்'. பட்டு, லினன், நாடா, சரிகை, பொத்தான், நூல் என்று நயமான சரக்குகளை விற்பவர் 'மெர்சர்'. இது லண்டனுக்குப் பொருந்தும் பிரிவினை. சிறு ஊரில் அந்தக் கோடு அழிந்துவிடும். அங்கே மெர்சர் கடையில் மிளகு, சர்க்கரை, காகிதம்கூடக் கிடைக்கும். குவைனி குடும்பம் மெர்சர் குடும்பம். அப்பா ஏட்ரியன் குவைனியும் அதே தொழில். 1581 ஜனவரியில் ரிச்சர்ட் மணந்த எலிசபெத் ஃபிலிப்ஸும் மெர்சர் வீட்டுப் பெண்தான். கடையும் கடையும் சம்பந்தம் செய்துகொண்டன என்று சொல்லலாம்.

கடையை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை. தானியம், மால்ட் வியாபாரமும் செய்தார்கள். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பீர் காய்ச்ச அதுதான் மூலப்பொருள். ஊரின் நெசவுத் தொழில் அப்போது படுத்துக்கொண்டிருந்தது. துணி நெய்வதிலும் நூல் நூற்பதிலும் முன்பு நடந்த வியாபாரம் போய்விட்டது, அதை நம்பியிருந்த ஏழைகள் தவிக்கிறார்கள் என்று 1590இல் நகரசபையே அரசுக்கு எழுதியிருக்கிறது. நெசவாளி பட்டினி கிடந்தான், ஜவுளிக் கடைக்காரர் மால்ட் பக்கம் நகர்ந்து தப்பித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெடிக்கப்போகிற விஷயம் இது.

நகரசபை என்றால் என்ன?

ஸ்ட்ராட்ஃபோர்டில் அப்போது இரண்டாயிரம் பேர் இருந்திருப்பார்கள். நம் கணக்கில் ஒரு கிராமம். முன்பு ஊர்க் காரியங்களைப் பார்த்துக்கொண்டது 'ஹோலி கிராஸ்' என்ற சமயச் சங்கம். பள்ளிக்கூடம், முதியோருக்கான தரும வீடுகள், ஆற்றுப் பாலம் எல்லாம் அதன் பொறுப்பு. மதச் சீர்திருத்தத்தில் 1547இல் அது கலைக்கப்பட்டது. 1553இல் ஆறாம் எட்வர்ட் மன்னர் ஒரு சாசனம் கொடுத்து, அந்தச் சங்கத்தின் சொத்தையும் கடமைகளையும் புதிய நகரசபையிடம் ஒப்படைத்தார். சபையில் 14 மூத்த உறுப்பினர்கள், பெயர் 'ஆல்டர்மென்'. அவர்களுக்குக் கீழே 14 இளைய உறுப்பினர்கள், பெயர் 'பர்ஜெஸ்'. ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரை 'பெய்லிஃப்' ஆகத் தேர்ந்தெடுப்பார்கள். நகரத் தலைவர் பதவி அது.

தேர்தல் என்றதும் வாக்குப்பெட்டியை நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பவர்கள்தான் அடுத்து யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்தார்கள். ஊர் மக்களுக்கு அதில் குரல் கிடையாது. பெய்லிஃப் ஆனவர் அந்த ஓராண்டுக்கு ஊரின் நீதிபதி, சந்தை அதிகாரி, அமைதி காப்பவர் எல்லாமே அவர்தான். சிறு கடன் வழக்குகளை விசாரிப்பார். ரொட்டிக்கும் 'ஏல்' என்ற பீருக்கும் விலை வைப்பார். சந்தை நாட்களில் இரவில் ஊரைச் சுற்றி வருவார். கில்டு ஹாலில் கூட்டம் நடக்கும்போது தலைமை இருக்கை அவருடையது. அதே கட்டடத்தின் மாடியில் பள்ளிப் பிள்ளைகள் லத்தீன் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கெல்லாம் சம்பாத்தியம்? சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. சபைக்கு வராவிட்டால் அபராதம் வேறு. அப்படியானால் ஏன் போட்டி? வியாபாரத்தின் உயிர் கடன். நாணயங்கள் எப்போதும் தட்டுப்பாடு. கொள்முதல் கடனில், விற்பனை கடனில், அறுவடைக்குப் பிறகு பாக்கி தீர்ப்பது என்றுதான் காலம் ஓடியது. யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதே ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி. ஆல்டர்மென் அங்கி போட்டவருக்குக் கடன் கிடைக்கும். கடன் கிடைக்கிறவரைத்தான் சபையும் உள்ளே சேர்க்கும். கடையில் சம்பாதித்த நம்பிக்கையை ஊருக்காகச் செலவிடுவதுதான் அன்றைய உள்ளூர் அரசியல் என்பது என் கணிப்பு.

இதற்கு மறுபக்கச் சான்று ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான். அவர் கையுறை தைப்பவர், கம்பளியும் வாங்கி விற்றார். 1568இல் பெய்லிஃப் ஆனார். 1570களின் பிற்பாதியில் கடனில் சிக்கியதும் சபைக்கு வருவதை நிறுத்தினார். சகாக்கள் ஆண்டுக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1586இல் அவர் இடத்தில் வேறொருவரை நியமித்தார்கள். பதவி போனதற்குப் பதிவேடு சொல்லும் காரணம், அவர் கூட்டத்துக்கு வருவதில்லை என்பது. ஊருக்குத் தெரிந்திருக்கும் உண்மைக் காரணம்.

ஏட்ரியன் குவைனியும் ஜானும் பழைய சிநேகிதர்கள். 1552இல் தெருவில் குப்பைமேடு போட்டதற்காக இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து அபராதம் கட்டியவர்கள். இருபது ஆண்டு கழித்து, 1572இல், ஏட்ரியன் பெய்லிஃபாகவும் ஜான் தலைமை ஆல்டர்மேனாகவும் ஊர்க் காரியமாக லண்டனுக்குப் பயணம் போனார்கள். ஏட்ரியன் மூன்று முறை பெய்லிஃபாக இருந்தவர். ஆகவே மகன் ரிச்சர்டுக்குப் பாதை ஏற்கெனவே போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. 1580களில் அவரும் ஆல்டர்மேன் ஆனார். 1592இல் பெய்லிஃப்.

இரண்டு தீ, ஒரு பஞ்சம்

1594 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, ஊரில் தீப்பிடித்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து 1595 செப்டம்பர் 21, அதுவும் ஞாயிறு, மறுபடியும் தீ. மரச்சட்ட வீடுகள், கூரைகளில் வைக்கோல், பக்கத்துப் பக்கத்தில் மால்ட் உலர்த்தும் அடுப்புகள். வேறு என்ன நடக்கும்? ஓய்வுநாளை மதிக்காததற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பிரசங்கிகள் எழுதினார்கள். இருநூறு வீடுகள் வரை போனதாகவும், 12,000 பவுன் நஷ்டம் என்றும் நகரசபையின் மனு சொன்னது. உதவி கேட்டு எழுதும் மனுவில் வருகிற எண்ணிக்கை அது. கொஞ்சம் கூட்டியே போட்டிருப்பார்கள்.

அதோடு 1594 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் மழை அறுவடையைக் கெடுத்தது. தானிய விலை ஏறியது. பார்லியை மால்ட் ஆக்கி வைத்திருப்பவர்கள் மேல் ஏழைகளின் கோபம் திரும்பியது. 1598 ஜனவரியில் ஏப்ரஹாம் ஸ்டர்லி என்ற ஆல்டர்மேன், லண்டனில் இருந்த குவைனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பசியால் ஊரார் கொதித்துப் போயிருக்கிறார்கள், கூட்டமாகத் திரண்டு பக்கத்து நிலப்பிரபு சர் தாமஸ் லூசியிடம் போய் நம் மால்ட் வியாபாரிகள் மேல் புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று அதில் வருகிறது. ஒருவன், அவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே தூக்கில் தொங்குவதைப் பார்ப்பேன் என்று நம்பிக்கையோடு சொன்னானாம். 'நம் மால்ட் வியாபாரிகள்' என்றால் யார்? குவைனியும் அதில் ஒருவர்தான்.

இந்த இடத்தில்தான் கடைக்காரர் ஆட்சியின் முடிச்சு தெரிகிறது. தானியம் பதுக்குவதைத் தடுக்க வேண்டும் என்று அரசின் ஆலோசனைச் சபை உத்தரவு அனுப்பும். அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் ஆல்டர்மென். கிடங்கு வைத்திருப்பவர்களும் ஆல்டர்மென். 1598 பிப்ரவரி 4 அன்று ஊரில் யார் வீட்டில் எவ்வளவு தானியம், மால்ட் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். நாடக ஆசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர் பெயரில் அன்றைய தானிய அளவையில் 10 குவார்ட்டர், அதாவது 80 புஷல் மால்ட் பதிவாகியிருக்கிறது. பதுக்கல்காரர் என்று அவரை இன்று திட்டுகிறவர்கள், ஊரில் வசதியுள்ள வீடுகளில் பெரும்பாலும் அதே கதைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லண்டனில் காத்திருப்பு

எரிந்த ஊரால் வரி கட்ட முடியாது. 1597–98 நாடாளுமன்றம் விதித்த வரியிலிருந்து விலக்கு வேண்டும், முடிந்தால் சாசனத்தைப் புதுப்பித்துக் கூடுதல் உரிமைகளும் வேண்டும். இதைக் கேட்க யாரை அனுப்புவது? லண்டன் தெரிந்தவர், சரக்கெடுக்க அடிக்கடி போய்வருபவர், கனவான்களிடம் பேசத் தெரிந்தவர். ஜவுளிக்காரர் குவைனி போனார். அன்று ஊருக்கென்று நாடாளுமன்ற உறுப்பினர் கிடையாது. பதவியில் இருப்பவர்களின் வாசலில் போய் நிற்பதுதான் வழி. வாசல்காப்போனுக்கு ஒரு காசு, எழுத்தருக்கு ஒரு காசு, விடுதிக்கு வாடகை, குதிரைக்குத் தீனி. பணம் கரைந்துகொண்டே இருந்தது.

1598 இலையுதிர் காலத்தில் அவர் தங்கியிருந்தது செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகே, கார்ட்டர் லேன் தெருவில், 'பெல்' என்ற விடுதியில். அக்டோபர் 25 அன்று அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார். 'அன்புள்ள ஊர்க்காரரே' என்று தொடங்குகிறது. 30 பவுன் உதவி வேண்டும், எனக்கு இன்னின்னார் ஜாமீன் நிற்பார்கள், லண்டனில் நான் பட்ட கடனெல்லாம் தீர்ந்தால் மனசு ஆறும், கடன்காரனாக இருக்க எனக்கு விருப்பமில்லை, என்னால் உங்களுக்குப் பணமும் போகாது, பேரும் கெடாது என்று போகிறது. வெளியே முகவரி: திரு. வில்லியம் ஷேக்ஸ்பியர்.

30 பவுன் எவ்வளவு? அன்று 1 பவுன் என்பது 20 ஷில்லிங், 240 பென்ஸ். கூலியாள் ஒருவர் நாளுக்குச் சுமார் 8 பென்ஸ் சம்பாதித்தார். அந்தக் கணக்கில் 30 பவுன் 900 நாள் கூலி. ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளி ஆசிரியரின் ஆண்டுச் சம்பளம் 20 பவுன். அதற்கு முந்தைய ஆண்டு ஷேக்ஸ்பியர் ஊரில் வாங்கிய பெரிய வீட்டுக்குப் பத்திரத்தில் போட்ட விலை 60 பவுன். ஊருக்காகப் போன ஒரு ஆல்டர்மேன் பாதி வீட்டு விலையைத் தன் பேரில் கடனாகக் கேட்கிறார். பதவி வருமானம் தருவது அல்ல, செலவு வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் வேண்டுமா?

கடிதம் போய்ச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. அது குவைனியின் காகிதங்களோடு கிடந்து, 1793இல் எட்மண்ட் மெலோன் என்ற ஆய்வாளர் கையில் சிக்கியது. எழுதிய அன்றே குவைனியும் ஷேக்ஸ்பியரும் நேரில் சந்தித்திருக்கலாம் என்று பலர் ஊகிக்கிறார்கள். ஷேக்ஸ்பியருக்கு எழுதப்பட்டு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே கடிதம் இதுதான். உலகத்தின் பெரிய நாடகாசிரியருக்கு வந்த கடிதத்தில் கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கைமாற்றுதான் இருக்கிறது என்பதில் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம்.

எனக்கு இதைவிடப் பிடித்த கடிதங்கள் அதே காகிதக் கட்டுக்குள் இரண்டு உண்டு. ஒன்று, கிழவர் ஏட்ரியன் மகனுக்கு எழுதியது. வில்லியம் ஷேக்ஸ்பியரிடம் பேரம் முடிந்து பணம் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவா என்கிறார். உடனே அடுத்த வரியில், பின்னல் காலுறைகள் அங்கே என்ன விலைக்குப் போகின்றன என்று பார், பக்கத்து ஊர் ஈவ்ஷாமில் அதற்குக் கிராக்கி அதிகம், இன்னார் 20 பவுனுக்கு வாங்கிக் குவித்திருக்கிறார்கள், கையில் பணம் இருந்தால் நீயும் லாபம் பார்க்கலாம் என்கிறார். ஊருக்கு வரிவிலக்கு வாங்கப் போன மகனிடம் காலுறை விலை கேட்கும் அப்பா! அரசியல் பயணமும் கொள்முதல் பயணமும் ஒன்றுதான் அவருக்கு. இன்னொன்று, ரிச்சர்டின் மகன், சின்ன ரிச்சர்ட், பதினோரு வயதில் லத்தீனில் எழுதியது. தனக்கும் தம்பிக்கும் எழுதும் நோட்டுப் புத்தகங்கள் வாங்கி வரச் சொல்கிறான். கடைக்காரர் மகன் லத்தீனில் நோட்டு கேட்கும் அளவுக்கு அந்தப் பள்ளி இருந்தது. அந்தப் பள்ளிக்குச் சம்பளம் கொடுத்தது இந்த நகரசபைதான்.

இந்தக் கடிதங்களையும் சரக்குகளையும் சுமந்து ஊருக்கும் லண்டனுக்கும் இடையே குதிரைகளோடு போய்வந்தவர் வில்லியம் கிரீனவே. தபால் துறை என்று ஒன்று இல்லாத ஊருக்கு அவர்தான் தபால்.

குவைனி மாதக்கணக்கில் காத்திருந்தது வீண்போகவில்லை. 1599 ஜனவரியில், இரண்டு முறை தீயில் வெந்த ஊருக்கு வரிச்சலுகை கொடுக்க ராணி சம்மதித்தார். குவைனியின் லண்டன் செலவையும் கருவூலமே திருப்பிக் கொடுத்தது. சாசனம் மட்டும் கிடைக்கவில்லை. அது 1610 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜமீனோடு மோதல்

நகரசபைக்கு மேலே இன்னொரு அதிகாரம் இருந்தது. ஊர் நிலத்தின் உரிமையாளரான பிரபு, நம் ஜமீன்தார் மாதிரி. தேர்ந்தெடுக்கப்பட்ட பெய்லிஃபுக்கு அவர் ஒப்புதல் வேண்டும். பாதிரியாரையும் பள்ளி ஆசிரியரையும் நியமிப்பதும் அவர்தான். சம்பளம் மட்டும் சபை கொடுக்க வேண்டும். வார்விக் பிரபு இருந்தவரை பெரிய தொந்தரவில்லை. அவர் 1590இல் வாரிசில்லாமல் இறந்தார். அதன்பின் அந்த உரிமை மில்கோட் மாளிகையின் சர் எட்வர்ட் கிரெவில் கைக்கு வந்தது.

கிரெவிலின் குடும்பம் சாதாரணமானதல்ல. அவருடைய அப்பா கொலைக் குற்றத்தில் மாட்டி, குற்றவாளியா இல்லையா என்று வாய் திறக்கவே மறுத்து, 1589இல் மார்பில் பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டவர். ஏன் மறுத்தார்? தீர்ப்பு வந்தால் சொத்து அரசுக்குப் போய்விடும். வாய் திறக்காமல் செத்தால் மகனுக்குப் போகும். அப்படிக் காப்பாற்றிய சொத்துக்கு வாரிசு இந்த சர் எட்வர்ட்.

ஆற்றோரம் 'பேங்கிராஃப்ட்' என்ற புல்வெளி இருந்தது. ஊரார் மாடு மேய்க்கும் பொது இடம். கிரெவில் அதற்கு வேலி போட்டார். 1601 ஜனவரியில் குவைனியும் மற்ற ஆல்டர்மென்களும் போய் வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். கலகம் செய்ததாக அவர்கள் மேல் கிரெவில் வழக்குத் தொடுத்தார். கௌரவமான கடைக்காரர்கள், ஊருக்கு நீதி சொல்கிறவர்கள், திடீரென்று கலகக்காரர்கள். குவைனி மறுபடி லண்டனுக்கு ஓடினார். அரசின் தலைமை வழக்கறிஞர் எட்வர்ட் கோக்கிடம் ஆலோசனை கேட்க முயன்றார். எஸ்ஸெக்ஸ் பிரபு ராணிக்கு எதிராகக் கலகம் செய்து பிடிபட்ட நேரம் அது. கோக்குக்கு மேய்ச்சல் நிலம் பற்றிப் பேச எங்கே நேரம்?

1601 செப்டம்பரில் சபை குவைனியை இரண்டாம் முறை பெய்லிஃப் ஆக்கியது. கிரெவிலின் விருப்பத்துக்கு மாறாக எடுத்த முடிவு. அவர் முகத்துக்கு நேரே சொன்ன பதில் என்றும் கொள்ளலாம்.

1602 மே மாதம், சந்தை நாள் இரவு. வழக்கம்போல ஊர் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்க குவைனி வெளியே போனார். ஒரு விடுதியில் கிரெவிலின் ஆட்கள் குடித்துவிட்டு விடுதிக்காரர் மேலேயே கத்தியை உருவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் அமைதி காக்கும்படி உத்தரவிட்டார். யாரும் கேட்கவில்லை. சண்டையை விலக்கப் போனவரின் தலையை ஒருவன் பிளந்துவிட்டான். சபையின் ஆவணம் இதை வெறுப்போடு பதிவு செய்கிறது: அடித்தவனை கிரெவிலும் தண்டிக்கவில்லை, மற்றவர் தண்டிக்கவும் விடவில்லை. வேலையை விட்டு நீக்கியதாகப் பாவனை செய்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார். மே 31 அன்று குவைனியை அடக்கம் செய்தார்கள். பெய்லிஃப் பதவியில் இருந்தபடியே இறந்தார்.

குவைனியின் மனைவி எலிசபெத் ஒன்பது பிள்ளைகளோடு விதவையானார். கையெழுத்துப் போடத் தெரியாதவர், அடையாளக் குறிதான் இடுவார். ஆனாலும் வியாபாரத்தை விடவில்லை. 1611இல் அவர் ஒரு வீட்டை விற்ற பத்திரத்தில் சாட்சியாகக் குறியிட்டவர் ஷேக்ஸ்பியரின் மகள் ஜூடித். 1616 பிப்ரவரியில் அதே ஜூடித், எலிசபெத்தின் மகன் தாமஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கிழவர் ஏட்ரியன், மகனைப் புதைத்துவிட்டு 1607 வரை உயிரோடு இருந்தார்.

கிரெவிலின் கதை வேறு விதமாகப் போனது. கடனில் மூழ்கி, நிலங்களைத் துண்டு துண்டாக விற்றார். அப்பா உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய மில்கோட்டும் கடைசியில் கைமாறியது. வாங்கியவர் லயனல் கிரான்ஃபீல்டு. லண்டனில் ஒரு வணிகரிடம் தொழில் பழகி, துணி ஏற்றுமதியில் பணம் பார்த்து, ஜேம்ஸ் மன்னரின் கருவூலத் தலைவர் வரை போனவர்.